பில்சன்: பீருக்கு அப்பாலும் ஓர் ஊர்

செக் குடியரசுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பிராக் நகரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் சென்றால் பில்சன். “அது பீர் ஊராயிற்றே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது?” என்று தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். குடிப்பழக்கம் இல்லாதவருக்கும் அங்கே ஒரு நாள் போதாது.

காலையில் குடியரசுச் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். நடுவே நிற்கும் புனித பார்த்தலோமியு பேராலயத்தின் கோபுரம் 100 மீட்டருக்கும் அதிக உயரம். நாட்டிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் இதுதான். 301 படிகள் ஏறினால் ஊர் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

அதே சதுக்கத்தில் நகர மன்றம் இருக்கிறது. 1838இல், கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை அதன் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ஊரார் சேர்ந்து சொந்த ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட யோசஃப் குரோல், 1842இல் பொன்னிறத்தில் தெளிந்த பீரை வடித்தார். உலகமெங்கும் ‘பில்ஸ்னர்’ என்று சொல்லப்படுவது இந்த ஊரின் பெயர்தான்.

சதுக்கத்திலிருந்து சற்று நடந்தால் பெரிய யூத ஆலயம். 1893இல் திறக்கப்பட்ட இது, ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத ஆலயங்களில் ஒன்று. 1942 ஜனவரியில் இந்நகர யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாஜிகள் நாடு கடத்தினார்கள். உயிருடன் திரும்பியவர்கள் மிகச் சிலரே. அவ்வளவு பெரிய மண்டபத்தில் இன்று கச்சேரிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன. பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்பார்கள், பொறுமையாக விளக்குங்கள்.

1945 மே 6இல் நகரை விடுவித்தது ஜெனரல் பேட்டனின் அமெரிக்கப் படை. பின்னர் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி அந்த வரலாற்றை மூடி மறைத்தது. ஊரார் மறக்கவில்லை. 1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தபின், மே மாதந்தோறும் விடுதலை விழா எடுக்கிறார்கள். பேட்டன் நினைவு அருங்காட்சியகத்தையும் பாருங்கள்.

மதியத்துக்குமேல் நிலவறைச் சுற்றுலா. 14ஆம் நூற்றாண்டு முதல் வீடுகளுக்கு அடியில் தோண்டிய அறைகளும் சுரங்கவழிகளும் பல கிலோமீட்டர் நீள்கின்றன. தலையில் ஹெல்மெட் மாட்டி அனுப்புவதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! அதன்பிறகு பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம்.

சில குறிப்புகள்:

• நிலவறைகள் கோடையிலும் குளிரும். ஆளுக்கொரு மேலங்கி அவசியம்.

• ஆலைச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்வது நல்லது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது கிடையாது.

• சைவ உணவு தேடுபவர்கள் பொரித்த சீஸ் கேட்டு வாங்கலாம். பிள்ளைகளுக்குக் கோலா போன்ற உள்ளூர்ப் பானமான ‘கோஃபோலா’ இருக்கிறது.

• பிராக் திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.