ரௌட்டருக்கு தினமும் ரீஸ்டார்ட் தேவையா?

இண்டர்நெட் வேகம் குறைந்தால் ரௌட்டரை ஆப் செய்து ஆன் செய்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. இதைத் தானாகவே செய்து கொள்ளும்படி நேரம் குறித்துத் தரும் வசதி பல ரௌட்டர்களில் உண்டு. எங்கள் அகரம் பகுதியில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் சிலர், தினமும் அதிகாலை 4 மணிக்கு என்று செட் செய்துவிட்டு, இனி கவலையில்லை என்று இருக்கின்றனர். என் கருத்து வேறு. வாரம் ஒரு முறை போதும். தினமும் தேவைப்பட்டால், ரௌட்டரில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

ரௌட்டரும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். ப்ராசசர், மெமரி, சாப்ட்வேர் எல்லாம் அதிலும் உண்டு. பல நாட்கள் தொடர்ந்து இயங்குகையில் சில சமயம் மெமரி நிரம்பி வேகம் குறையும். ரீஸ்டார்ட் செய்தால் மெமரி காலியாகும். ஆனால் அது நிரம்பியதற்கான காரணம் அப்படியே இருக்கும். பழைய பர்ம்வேரையோ, காற்றோட்டமில்லாத அலமாரியில் ஏறும் சூட்டையோ ரீஸ்டார்ட் சரி செய்யாது.

பாதுகாப்பு விஷயத்திலும் இதே கதைதான். 2016ல் பரவிய மிராய் வைரஸ் மெமரியில் மட்டுமே தங்கியது. ரீஸ்டார்ட் செய்தால் அழிந்தது. ஆனால் பாஸ்வேர்ட் மாற்றாத சாதனங்களில் சில நிமிடங்களிலேயே மீண்டும் புகுந்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் தாக்கப்பட்டபோதும், கம்பெனி கொடுத்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாதவைதான் சிக்கின. 2018 மே மாதம் வி.பி.என்.பில்டர் என்ற வைரஸுக்காக, ரௌட்டர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி அமெரிக்காவின் எப்.பி.ஐ. கேட்டுக் கொண்டது. அந்த வைரஸின் முதல் பகுதி ரீஸ்டார்ட்டிற்குப் பின்னரும் உள்ளேயே இருந்தது.

நேரம் குறிப்பதிலும் கவனம் தேவை. ரௌட்டரில் டைம் ஸோன் ஜி.எம்.டி. என்றே இருந்தால், அதன் அதிகாலை 4 மணி நமக்குக் காலை 9.30. பிள்ளைகள் ஆன்லைன் தேர்வில் இருக்கும்போது இணைப்பு போய்விடும். டைம் ஸோனை +5.30 என மாற்றிய பின்னரே நேரம் குறியுங்கள். பைபர் இணைப்பில் லேண்ட்லைன் போனும் அதே பெட்டி வழியாகத்தான் வருகிறது. ரீஸ்டார்ட் ஆகும் சில நிமிடங்களுக்கு போனும் வேலை செய்யாது. வயதானவர்கள் உள்ள வீட்டில், 108ஐ அழைக்கச் சார்ஜ் உள்ள செல்போன் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், யு.பி.எஸ். இல்லாத வீடுகளில் ரௌட்டர் தானாகவே ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது! எனவே ரீஸ்டார்ட்டிற்கு நேரம் குறிக்கும் முன், பாஸ்வேர்டை மாற்றுங்கள். பர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். ரௌட்டரைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அதன் பின்னரும் தினமும் திணறினால், ரௌட்டரையோ லைனையோ சோதிக்கச் சொல்லி இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள். மாதந்தோறும் பணம் கட்டும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.