மட்டை பிடித்த கையும் மருத்துவர் கையும்



அரசுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் இல்லங்கள் பலவற்றிலும் முதலில் காணாமற்போகும் பொருள் பிள்ளைகளின் விளையாட்டு மட்டைதான். அலமாரியின் உச்சிக்கோ பரணுக்கோ அது ஏறிவிடும். ‘படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?’ என்று வாப்பா கேட்பார். ‘பரீட்சை முடியட்டும், எடுத்துத் தருகிறேன்’ என்று உம்மா சமாதானம் சொல்வார். இந்த வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கக்கூடிய ஒருவரின் வாழ்க்கையை இம்மாதம் காண்போம்.

டேவிட் ஃப்ரீமன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள பாசடீனா நகரில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் அவர் முதலில் பெயர் பெற்றது டென்னிஸில். 1938ஆம் ஆண்டு பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றார். அந்த வழியிலேயே சென்றிருந்தால் அமெரிக்காவின் பெரும் டென்னிஸ் வீரர்களின் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்திருக்கலாம். அவரோ இறகுப்பந்தின் பக்கம் திரும்பினார். அமெரிக்காவில் பேட்மிண்டன் தேசியப் போட்டி தொடங்கியதே 1937இல்தான். முதல் இரண்டு ஆண்டுகளும் வால்டர் கிராமர் என்பவர் வென்றிருந்தார். 1939இல் பதினெட்டே வயதான ஃப்ரீமன் அப்பட்டத்தைக் கைப்பற்றினார். அதன்பின் ஒற்றையர் ஆட்டத்தில் அவர் தோற்றதில்லை என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. 1940, 1941, 1942 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவரிடமே இருந்தது. உலகப்போர் மூண்டதால் 1943 முதல் 1946 வரை போட்டியே நடைபெறவில்லை. மீண்டும் தொடங்கிய 1947இலும், அடுத்த ஆண்டிலும் அவரே வென்றார்.

இனி இந்த ஆண்டுகளின் மறுபக்கத்தைப் பாருங்கள். இதே காலத்தில்தான் அவர் பாசடீனாவுக்கு அருகிலிருந்த பொமோனா கல்லூரியில் பயின்றார். இதே காலத்தில்தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து மருத்துவரானார். ஹார்வர்டில் இடம் பெறுவது அன்றும் இன்றும் எளிய காரியமன்று. விளையாட்டு அவர் படிப்பைக் கெடுத்தது என்று சொல்ல இடமில்லை. படிப்பு அவர் ஆட்டத்தை மழுக்கியது என்று சொல்லவும் இடமில்லை.

அவர் ஆடிய முறையும் கவனிக்கத் தக்கது. கண்ணைப் பறிக்கும் அதிரடி அடிகளால் அவர் பெயர் பெறவில்லை. பிழை செய்யாமை, பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் துல்லியம், எதிராளி தவறும்வரை காத்திருக்கும் பொறுமை ஆகியவையே அவருடைய ஆயுதங்கள். பதினாறு இறகுகள் கொண்ட அந்தப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். மணிக்கட்டின் சிறு அசைவு ஒன்றே அதைக் கோட்டுக்கு உள்ளே விழச் செய்யும், வெளியேயும் விழச் செய்யும்.

1949ஆம் ஆண்டுதான் அவர் புகழின் உச்சம். ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியாகிய தாமஸ் கோப்பை அப்போதுதான் முதன்முதலாக நடைபெற்றது. கோப்பையை வென்றது மலாயா அணி. இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கை 8-1 என்று வீழ்த்திய அந்த வலிமைமிக்க அணி, அதற்கு முன் அமெரிக்காவை 6-3 என்று வென்றிருந்தது. அந்தத் தோல்வியிலும் ஃப்ரீமன் தம் ஒற்றையர் ஆட்டங்களில் தோற்கவில்லை. மலாயா அணியின் தலைசிறந்த வீரரான வோங் பெங் சூன் பின்னாளில் ஆல் இங்கிலாந்து பட்டத்தை நான்கு முறை வென்றவர். அவரும் அன்று ஃப்ரீமனிடம் பணிந்தார்.

சில வாரங்களில் ஆல் இங்கிலாந்து போட்டி வந்தது. உலக வாகையர் போட்டி என்று தனியாக ஒன்று இல்லாத அக்காலத்தில் அதுவே உலகப் பட்டத்திற்கு நிகராகக் கருதப்பட்டது. இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து நின்றவர், நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பாட்டனார் காலந்தொட்டுப் பழக்கமான பினாங்கைச் சேர்ந்த ஊய் டெய்க் ஹோக். 15-1, 15-6 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அமெரிக்க ஆண்மகன் எவரும் அந்த ஒற்றையர் பட்டத்தை வென்றதில்லை.

அப்போது ஃப்ரீமனுக்கு வயது 28. அந்த வெற்றியோடு அவர் ஆட்டக்களத்தை விட்டு விலகினார்.

இதைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, கடைசியில் படிப்புதானே வென்றது!’ என்று வாப்பாமார் எழுந்துவிடக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். அன்று பேட்மிண்டன் வீரருக்குக் கிடைத்ததெல்லாம் கோப்பையும் கைகுலுக்கலும்தான். பணப்பரிசு பெறுவதை விதிகளே அனுமதிக்கவில்லை. 1970களின் இறுதிவரை இந்நிலை நீடித்தது. உலகிலேயே சிறந்த வீரராக இருந்தாலும், குடும்பத்தைக் காக்க அவருக்கு வேறொரு தொழில் வேண்டியிருந்தது. அவர் தேர்ந்துகொண்ட தொழிலோ மூளை, நரம்பு அறுவை மருத்துவம். மருத்துவப் பட்டம் பெற்ற பிறகும் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயிலவேண்டிய துறை அது. பத்தாண்டுகள் இரண்டையும் சேர்த்துச் சுமந்தவர், இனிச் சுமக்க இயலாது என்ற இடம் வந்தபோது ஒன்றை இறக்கி வைத்தார். அந்த முடிவை எடுத்தவரும் அவரே. விளையாட்டு வீண் என்று கருதியவர் இருபத்தெட்டு வயதுவரை மட்டையைச் சுமந்திருப்பாரா?

அத்துறையின் அன்றைய நிலையையும் சொல்லவேண்டும். இன்று தலையில் அடிபட்டவரை ஸ்கேன் கருவிக்குள் சில நிமிடங்கள் படுக்க வைத்தால், இரத்தக் கசிவு எங்கே என்று படம் சொல்லிவிடுகிறது. சி.டி. ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971ஆம் ஆண்டு, இலண்டனில். அதற்கு முன்பு மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அல்லது மூளையைச் சூழ்ந்த நீரை வெளியேற்றி, அந்த இடத்தில் காற்றைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். நோயாளிக்குத் தாங்கொணாத் தலைவலி தரும் முறை அது. கிடைத்த மங்கலான நிழல்களை வைத்து, கட்டி எங்கே இருக்கக்கூடும் என்று மருத்துவர் கணித்து மண்டையோட்டைத் திறக்கவேண்டும். அங்கே பிழைக்கு இடமில்லை. சான் டியேகோ நகரில் ஃப்ரீமன் மேற்கொண்டது இந்தத் தொழிலைத்தான்.

பிற்காலத்தில் இரண்டையும் சேர்த்தே நடத்தியோர் டென்மார்க்கில் இருந்தனர். 1977இல் நடைபெற்ற முதல் உலக வாகையர் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தையும் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்ற லேனே கொப்பன் ஒரு பல் மருத்துவர். 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் ஆல் இங்கிலாந்து பட்டமும் அவருடையதே. 1997இல் சீனாவின் சுன் ஜுன்னை இரண்டு மணி நேரத்தையும் கடந்து நீண்ட இறுதி ஆட்டத்தில் வென்று உலக வாகையரான பீட்டர் ராஸ்முசன், மருத்துவம் பயின்று மருத்துவரானார்.

கொப்பனின் பெயரை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. நம் வீடுகளில் பரணில் ஏறும் ஆண்பிள்ளையின் மட்டை தேர்வு முடிந்ததும் இறங்கிவிடுகிறது. பெண்பிள்ளையின் மட்டை பெரும்பாலும் இறங்குவதே இல்லை. அவள் எட்டாம் வகுப்பில் பள்ளிக்காக ஆடியவள் என்பதே சில ஆண்டுகளில் வீட்டாருக்கு மறந்துபோகிறது. மறைவான இடமும் பெண் பயிற்சியாளரும் கிடைக்கும் ஊர்களில்கூட இதுதான் நிலை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது. உம்மாமார் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீமனின் வரலாற்றில் இன்னும் ஓர் ஆண்டு மீதமிருக்கிறது. களத்தை விட்டுச் சென்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின், 1953ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டிக்கு அவர் திரும்பி வந்தார். வயது 32. இடைப்பட்ட ஆண்டுகளில் பயிற்சிக்கென நேரம் ஒதுக்க முடியாத வேலை. இளைஞர்கள் பலர் வளர்ந்து வந்திருந்தனர். அவர்களை வென்று ஏழாவது முறையாகப் பட்டத்தைப் பெற்றார். பெற்றவர் மறுபடியும் தம் நோயாளிகளிடம் திரும்பிவிட்டார். 1997இல் சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனம் தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. 2001ஆம் ஆண்டு தமது எண்பதாம் வயதில் அவர் காலமானார்.