வாயில்லாச் சீவனும் வழியில்லா மக்களும்

தலைமன்னார்க் கரையில் நின்று மேற்கே நோக்கினால் இடையில் கிடப்பது ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். மணல் திட்டுகள் ஆங்காங்கே தலைகாட்டும் ஆழமற்ற கடல். அக்கரை தனுஷ்கோடி. 1914 ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்புக் கோட்டையில் புகைவண்டி ஏறியவன் தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, அக்கரையில் மறுபடியும் வண்டியேறிச் சென்னை எழும்பூரிலே இறங்கினான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி ஓடிற்று. 1984 இல் அதுவும் நின்றது.

நின்ற கப்பலை மீண்டும் ஓட்டுவோமென்று இரு அரசாங்கங்களும் 2011 சனவரியில் உடன்படிக்கை எழுதிக் கைச்சாத்திட்டன. 2024 டிசம்பரில் வெளியிட்ட கூட்டறிக்கையிலும் அதே வாக்குறுதியைத் திரும்பவும் எழுதின. இடைப்பட்ட காலத்தில் பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே 2011 இல் சில மாதங்கள் ஓடி நின்றது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. தலைமன்னார் இறங்குதுறைக்கோ காகிதத்துக்கு மேல் எதுவும் வந்து சேரவில்லை.

இதிலே நாய்க்கும் பூனைக்கும் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை இருக்கிறது. சொல்லுகிறோம்.

1990 ஆம் ஆண்டிலே மன்னார்க் கரையோரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வள்ளமேறின. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முசுலிம் மக்கள் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். இரு சாராரும் பட்டியிலே மாட்டை அவிழ்த்துவிட்டும், படலையிலே நாயை விட்டுவிட்டும் போனவர்களே. அது போர்க்காலம், வள்ளத்தில் மனிதருக்கே இடமில்லை. அதனை எவரும் குற்றமென்று சொல்லார்.

இன்று போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தன. தமிழ்நாட்டு முகாம்களிலே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட எம்மவர் இன்னும் வாழ்கின்றனர். ‘அகதி முகாம்’ என்ற பெயரை 2021 இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று, கூரை மாறியதா என்பது வேறு கேள்வி. அம்முகாம்களிலிருந்து ஊர் திரும்ப விரும்பும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டு அக்கரையில் வாழ்ந்த குடும்பம். முகாமிலே பிறந்த பிள்ளைகள். அப்பிள்ளைகளோடு வளர்ந்த நாய் ஒன்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் தாபனம் விமானச் சீட்டு வழங்குகிறது. பெட்டிக்கு நிறைக்கணக்கு உண்டு. நாய்க்கு என்ன உண்டு?

விமானக் கம்பனிகளின் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். நாய் பயணியன்று, சுமை. சில கம்பனிகளில் பயணியோடு செல்லும் சுமை. சிலவற்றில் தனியே கட்டணமிட்டு அனுப்பும் சரக்கு. உலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி கூண்டு அமைய வேண்டும்: உள்ளே விலங்கு நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். நல்ல விதி, இரக்கமுள்ள விதி. ஆனால் அக்கூண்டை வாங்கும் பணம் முகாமிலே கிடைக்கும் மாத உதவித்தொகையில் எத்தனை மாதத்துக்குச் சமம்? இந்தியாவில் ஆகாசா என்னும் கம்பனி 2022 இல் சிறு நாய்களைப் பயணிகள் பகுதியிலேயே ஏற்கத் தொடங்கியபோது கூண்டோடு சேர்த்து 7 கிலோகிராம் என்று வரம்பிட்டது. எங்கள் ஊர் நாயை ஏழு கிலோவுக்குள் அடக்க வேண்டுமாயின் பட்டினிதான் போட வேண்டும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே 2024 செப்டம்பரில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ கம்பனியோ வளர்ப்புப் பிராணிகளை ஏற்பதே இல்லை. மாற்றுத்திறனாளியின் துணைநாய் ஒன்றுக்கே விலக்களிக்கிறது.

வழியையும் பாருங்கள். பிராணிகளை ஏற்றி இறக்கும் சோதனை நிலையங்களை இந்திய அரசாங்கம் சென்னை, டில்லி, மும்பாய், கல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் ஆகிய நகரங்களில் வைத்திருக்கிறது. மண்டபம் முகாமிலுள்ள நாய் மன்னாருக்கு வர வேண்டுமாயின், சுமார் 550 கிலோமீற்றர் வடக்கே சென்னைக்குப் போய்ச் சுகாதாரப் பத்திரம் பெற்று, கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர் மறுபடியும் வடக்கே வர வேண்டும். பேராதனையிலுள்ள திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டுவதற்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்று! மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவரும் வித்தையை இதைவிடச் சிறப்பாக யார் செய்ய முடியும்?

எதிர்த் திசையிலும் இதே கதைதான். இரண்டாண்டு வெளிநாட்டில் வாழ்ந்து குடியிருப்பையே மாற்றிக்கொண்டு வருவோருக்கு மாத்திரமே பிராணியைப் பயணச் சுமையாகக் கொண்டுவரும் சலுகையை இந்திய விதி தருகிறது. மற்றவர்கள் வாணிகத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். இலண்டனிலிருந்து சென்னையிற் குடியேற வரும் கனவானுக்குப் பொருந்தும் விதி இது. வள்ளத்தில் போய் முகாமில் இருந்தவனை நினைத்து எழுதிய விதி இதுவன்று.

“நோய் பரவுமே!” என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தக் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. விசர்நாய்க்கடியின் கொடுமை வன்னிக் கிராமத்தானுக்குத் தெரியாததன்று. இந்நாட்டில் அதற்கெதிராக 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். கமக்காரனைக் கேட்டால் கால்வாய் நோயைப் பற்றி ஒரு நாள் முழுதும் சொல்லுவான். ஆகவே ஊசியும், பத்திரமும், சோதனையும் வேண்டும் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் வரலாற்றையும் அதிகாரிகள் மறக்கக் கூடாது. வெக்கை நோய் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவில் இல்லாதிருந்தது. 1987 இல் அது மீண்டும் நுழைந்தது. எவ்வழியாக? அகதியின் நாய் வழியாகவா? ஏழையின் பூனை வழியாகவா? இல்லை! இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கென்று கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது. வடக்கு கிழக்குக் கமக்காரனின் மாடுகள் மாண்டன. 1994 ஆம் ஆண்டு வரை அந்நோய் இங்கே தலைகாட்டிற்று. துப்பாக்கியோடு வந்த ஆட்டை எந்தச் சோதனை நிலையம் தடுத்தது? வலியவனுக்குத் திறக்கும் வாயில் எளியவனுக்கு மூடுமாயின், அதற்கு நோய்த்தடுப்பு என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் துரோகம்.

விசர்நோய்க்கு அஞ்சி நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்த இங்கிலாந்தைப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைத் தளர்த்தினார்கள். அடையாளச் சில்லு பொருத்தி, ஊசியிட்டு, வேண்டிய நாட்டு நாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்து, பத்திரத்தோடு வரலாம் என்றார்கள். இலங்கையிலிருந்து செல்லும் நாய் இரத்தம் எடுத்த பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கடுமையான விதிதான். ஆயினும் செய்யத்தக்கது எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தவனை உள்ளே விடுகிறார்கள். வேலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேலிக்குப் படலை வேண்டும் என்கிறோம். படலை இல்லாத வேலியைத் தோட்டக்காரன் போடுவதில்லை, சிறைக்காவலன்தான் போடுவான்.

இனித் துணைநாயின் கதை. கண்ணில்லாதவனுக்குக் கண்ணாகவும், காதில்லாதவனுக்குக் காதாகவும் பழக்கிய நாய் அது. ஐரோப்பிய நாடுகள் 2006 ஆம் ஆண்டின் விதியால் அதற்கு விமானத்தின் உள்ளேயே இடமளித்தன. அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டம் மாற்றுத்திறனாளியின் விமானப் பயண உரிமையைக் காத்தது. பின்னர் அங்கே ‘மன ஆறுதல்’ என்று சொல்லிக் கண்ட கண்ட பிராணிகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். 2018 இல் ஒரு பெண்மணி மயிலோடு வந்து நின்றார்! ஆகவே 2021 முதல், பழக்கிய நாயை மட்டுமே துணைப்பிராணி என ஏற்கலாம் என்று வரையறுத்தார்கள். ஏமாற்றை ஒழித்தார்கள், குருடன் கைக்கோலைப் பிடுங்கவில்லை. அதுவே சட்டம் செய்யும் முறை.

நம் நாட்டிலே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் செல்லும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் மாற்றுத்திறனாளி செல்வதற்குத் தடையோ நிபந்தனையோ கூடாது என்கிறது அது. விமானம் ‘இடம்’ ஆகுமா, நாய் ‘நிபந்தனை’ ஆகுமா என்று நியாயதுரந்தரர்கள் பணம் வாங்கிக்கொண்டு வாதாடலாம். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை 2016 இல் இலங்கை ஏற்று உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிக்கு உயிருள்ள துணையை வழங்குவது பற்றி அவ்வுடன்படிக்கை பேசுகிறது. போரிலும் கண்ணிவெடியிலும் கண்ணை இழந்தோர் வாழும் மன்னாருக்கும் வன்னிக்கும் இவ்வெழுத்து வெறும் அலங்காரமா? அவர்களுள் ஒருவருக்கு நாளை துணைநாய் கிடைத்தால், சிகிச்சைக்கு அக்கரை செல்லும்போது அது எந்தக் கதவு வழியே ஏறும் என்று இன்றே எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

“மனிதருக்கே வழியில்லை, நாய்க்கு வழி கேட்கிறாயே!” என்று நம்மவருள்ளும் சிலர் நகைப்பர். அவர்களுக்கு ஒரு சொல். இக்கடலில் மனிதருக்கு ஒரு விதி, விலங்குக்கு ஒரு விதி என்று ஒருபோதும் இருந்ததில்லை. மண்டபம் முகாமைக் கட்டியவர் யார்? தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த இலங்கை அரசாங்கம். தொழிலாளரை அங்கே அடைத்து வைத்துச் சோதித்து, மருந்திட்டு, எண்ணிக் கப்பலேற்றினார்கள். மனிதனைக் கால்நடையாக எண்ணிய அதே இடத்தில்தான் பின்னர் எம்மவர் அகதிகளாக அடைபட்டனர். ஆகவே நாய்க்கு வழி கேட்பவன் மனிதனை மறந்தவன் அல்லன். வளர்த்த சீவனை வீதியில் விட்டுவிட்டு வா என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லும் விதி, முதலில் அக்குடும்பத்தையே அவமதிக்கிறது.

விட்டுவிட்ட சீவன் என்னாகும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். மன்னார் நகர வீதிகளில் எசமானில்லாது அலையும் கழுதைகளைப் பாருங்கள். ஒரு காலம் பொதி சுமந்தவற்றின் வழிவந்தவை. அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்பர். இன்று அவை பிளாஸ்டிக் தின்று, வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கின்றன. பயன் தீர்ந்ததும் கைவிடுவது எளிது. அதன் செலவை ஊர் முழுவதும் சுமக்கிறது.

எமது கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலை உடனே ஓட்டுக. அக்கப்பலின் விதிகளிலே வளர்ப்புப் பிராணிக்கும் துணைநாய்க்கும் இடம் எழுதுக. இராமேசுவரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இந்திய ரயிலில் முதல் வகுப்பு அறையிலோ, கார்ட் பெட்டியின் நாய்க்கூண்டிலோ நாயை அழைத்துச் செல்லலாம். தண்டவாளத்தில் கூடுவது தண்ணீரில் ஏன் கூடாது?

இரண்டு: தலைமன்னார் இறங்குதுறையிலும் பலாலியிலும் மிருக வைத்தியர் ஒருவரை அமர்த்திப் பிராணிகளைச் சோதிக்கும் அதிகாரம் வழங்குக. அக்கரையில் இராமேசுவரத்திலும் அவ்வாறே செய்க.

மூன்று: முகாமிலிருந்து ஊர் திரும்பும் குடும்பத்தின் பிராணிக்கு ஊசியும் பத்திரமும் கட்டணமின்றி வழங்குக. திரும்புதல் என்பது பெட்டியை எடை போடுவதோடு முடியும் காரியமன்று.

நான்கு: இலங்கையில் இறங்கும் விமானம் யாவும் பழக்கிய துணைநாயைப் பயணியின் காலடியில் ஏற்கக் கடமைப்பட்டவை என்பதை விமானச் சேவை விதிகளில் வெளிப்படையாக எழுதுக.

இவற்றுக்குக் கோடி ரூபா வேண்டாம். ஒரு மேசையும், ஊசிமருந்தை வைக்க ஒரு குளிர்ப்பெட்டியும், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும் போதும். தலைமன்னாருக்குப் புகைவண்டியை 2015 இல் மறுபடியும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தியப் பிரதமரே வந்து கொடியசைத்தார். வண்டி கடலோரம் வரை வந்து நிற்கிறது. மிச்சமுள்ள 30 கிலோமீற்றரை எப்போது தருவீர்கள் என்று மன்னாரின் கமக்காரரும், மீனவரும், ஆசிரியரும், வைத்தியரும் கட்சி வேறுபாடின்றித் தம் பாராளுமன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டும். விடை வரும் வரை கேட்க வேண்டும்.