தெருவின் கனம் எத்தனை அங்குலம்?

திரேஸ்புரத்தில் வந்து நின்றால் தூத்துக்குடி நகரத்தின் அடிவயிறு தெரியும். பக்கிள் ஓடை அங்கேதான் கடலில் விழுகிறது. நகரம் குளித்தது, கழுவியது, கழித்தது அத்தனையும் நாட்டுப்படகுகள் கட்டிக் கிடக்கிற கரைக்கு வந்து சேருகிறது. மேலே ஏதோ ஒரு ‘நகர்’, ஏதோ ஒரு ‘கார்டன்’ என்று பிளாட் போட்டுப் புதுசாகக் கான்கிரீட் தெரு கட்டுகிறார்கள். மண் தெரு என்றால் கொஞ்சம் தண்ணீரையாவது குடிக்கும். கான்கிரீட் குடிக்காது, அப்படியே கீழே தள்ளிவிடும். மேலே உள்ளவன் தள்ளுவான், கீழே உள்ளவன் தாங்குவான் என்கிற ஏற்பாட்டை நமக்குப் புதிதாக யாரும் விளக்கவேண்டியதில்லை.

திரேஸ்புரம் சேரி அல்ல. மீன்பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் வாழ்கிற கரை அது. ஆனாலும் இந்தக் கட்டுரையை அங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஒரு நகரம் யாரை எங்கே வைத்திருக்கிறது என்பதைத் தண்ணீர் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

கான்கிரீட் ரோட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மாணவத் தோழர் ஒருவர் சிரித்தார். “அண்ணே, இது வார்டு கவுன்சிலர் பேசுற விஷயம்லா, நம்ம பத்திரிகைக்கு எதுக்கு?” என்றார். நமக்குத் தெருவைவிடப் பெரிய அரசியல் எது? 1924இல் வைக்கத்தில் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கிற போராட்டம். அதே ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்ததும், எல்லாத் தெருவிலும் எல்லாச் சாதியாரும் நடக்கத் தடையில்லை என்று அரசு சொல்லவேண்டும் என்பதற்காகத்தான். நூறு வருசம் ஆகிவிட்டது. நடக்கிற உரிமை ஏட்டிலாவது கிடைத்தது. நடக்கிற தெரு எதனால் செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

இமாச்சலப் பிரதேசத்தில் மலைக் கிராமத்துத் தலித் மக்கள் தங்களுக்கு வரவேண்டிய ரோட்டை அரசு பாதியில் நிறுத்திவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். அது உச்சநீதிமன்றம் வரை போனது. மலையில் வாழ்கிறவர்களுக்கு ரோடு என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 1986இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உமேத் ராம் சர்மா வழக்கு என்று சட்டம் படிக்கிற தோழர்கள் தேடிப் பார்க்கலாம். அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்கள் தலித்துகள் என்பதைப் பல பேராசிரியர்கள் வகுப்பில் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு சாதாரணக் கான்கிரீட் தெரு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதிவைத்த வழிகாட்டி இருக்கிறது. வாகனம் குறைவாக ஓடுகிற சாலைகளுக்கானது, 2014இல் திருத்தப்பட்டது. இன்ஜினியர் மொழியைக் களைந்துவிட்டுச் சொன்னால் இவ்வளவுதான்: கான்கிரீட்டின் கனம் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். கலவை எம்-30 தரம். அதற்கு அடியில் ஜல்லியும் கிராவலும் போட்டு உருளையால் அழுத்தி இறுக்கிய தளம். தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டரை மீட்டர் முதல் நாலு மீட்டருக்கு ஒரு வெட்டு. வெட்டு விடாவிட்டால் கான்கிரீட் தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். பிறகு குறைந்தது பதினாலு நாள் தண்ணீர் கட்டவேண்டும். தெருவின் இரு பக்கமும் தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும், வடிந்த தண்ணீர் போகக் கால்வாய் வேண்டும்.

இதில் எது நம் காலனித் தெருவில் நடக்கிறது?

நான் பார்த்த ஒரு காலனி. ஊர்ப் பேர் வேண்டாம், எல்லா ஊரும் அதுதான். ரோடு போட்டு ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. ஓரம் உடைந்து கிடந்த இடத்தில் பள்ளிக்கூடப் பையனிடம் ஸ்கேல் வாங்கி அளந்தேன். இரண்டரை அங்குலம். அடியில் தளம் என்று எதுவும் இல்லை. பழைய மண் தெருவின் மேலேயே கலவையைக் கொட்டித் தேய்த்திருக்கிறார்கள். வெட்டு இல்லை. தெரு நெடுக ஆற்றின் கிளைபோல விரிசல். தண்ணீர் கட்டினார்களா என்று கேட்டேன். ஒரு பெரியம்மை சொன்னார்: “லாரித் தண்ணி ரெண்டு நாளு வந்துச்சு. பொறவு வரல. எங்க வாசல்ல நாங்கதான் குடத்துத் தண்ணிய ஊத்துனோம். நம்ம ரோடுல்லா.”

நம்ம ரோடு. குடிதண்ணீருக்காகக் குடத்தோடு காத்துக் கிடக்கிற பெண்கள் அந்தத் தண்ணீரையே எடுத்து, கான்டிராக்டர் செய்யவேண்டிய வேலையைச் செய்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்குக் குடிநீர் வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. உப்புத் தண்ணீரைக் கலவைக்கும் பயன்படுத்தக்கூடாது, ஊற்றவும் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அப்படியானால் இந்தக் கரையில் போடப்படும் ஒவ்வொரு கான்கிரீட் தெருவுக்கும் நல்ல தண்ணீர் எங்கிருந்து எத்தனை லாரி வந்தது என்பது கணக்கில் இருக்கவேண்டாமா? பில் இருக்கும். தண்ணீர்தான் வந்திருக்காது.

இப்போது புதிய மனைப்பிரிவுக்கு வாருங்கள். பாளையங்கோட்டை ரோடு, எட்டயபுரம் ரோடு நெடுக வண்ணக்கொடி கட்டி விற்கிறார்களே, அங்கே. அங்கே சட்டம் வேறு மொழி பேசுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தெருவின் அகலத்தை அளந்து சொல்கின்றன. தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவென்றால் பூங்காவுக்குப் பத்து சதவீதம். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, மனையை ஒப்படைத்து ஐந்து வருசத்துக்குள் வேலையில் குறை தெரிந்தால் விற்றவர் சொந்தச் செலவில் சரிசெய்யவேண்டும். மனை வாங்கியவர் புகார் கொடுக்க ஓர் ஆணையம் இருக்கிறது.

இதை நான் குறை சொல்லவில்லை. கடன்பட்டு மனை வாங்குகிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்தான். என் கேள்வி வேறு. 1978ஆம் ஆண்டு ‘அரிஜன நலத் திட்டங்களுக்கான’ நில எடுப்புச் சட்டத்தில் நிலம் எடுத்து (பேரைப் பாருங்கள், அந்தப் பேரையே நாம் எத்தனை காலம் சுமப்பது) ஆளுக்கு மூணு சென்ட் என்று பட்டா கொடுத்து அரசே உண்டாக்கிய காலனியும் மனைப்பிரிவுதானே? அங்கே மனை போட்டவர் அரசு. தெரு போடாமல் மனை விற்றால் தனியார் குற்றவாளி. தெருவே போடாமல் பட்டா கொடுத்த அரசு யார்? பத்து வருசம், இருபது வருசம் சகதியில் நடந்த பிறகு ரோடு வந்தால் அது ‘நலத்திட்டம்’. திறப்புவிழா, பேனர், சால்வை. பணம் கட்டி மனை வாங்கியவனுக்கு அது உரிமை. நமக்கு மட்டும் உபகாரம்.

விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அகலத்துக்கு அட்டவணை போடுகிறவர்கள் கனத்தை உள்ளாட்சியின் தலையில் விட்டுவிடுகிறார்கள். அகலம் வரைபடத்தில் தெரியும். கனம் மண்ணுக்குள் கிடப்பது, தோண்டினால்தான் தெரியும். கொள்ளை நடப்பது அங்கே. கனத்துக்கு அடியில் என்ன கொட்டியிருக்கிறது என்பது அதைவிட மோசமான கேள்வி. ஸ்டெர்லைட்டின் தாமிரக் கசடு இந்த மாவட்டத்தில் பட்டா நிலத்திலும் உப்பாற்று ஓடைக் கரையிலும் மலைபோலக் கொட்டிக் கிடந்தது. 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது அதையும் ஒரு காரணமாகச் சொன்னது. அடுத்த மாதம் 22ஆம் தேதி நடந்தது எல்லாருக்கும் தெரியும். திரேஸ்புரத்திலும் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட மாவட்டத்தில், தெருவுக்கு அடியில் மேடு தூர்க்க எந்த மண், யாருடைய கழிவு வந்தது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

உலகத்தில் இது நமக்கு மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்று ஒரு சிற்றூர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர், அதில் ஆயிரத்து ஐந்நூறு பேர் கறுப்பர்கள். தளம் போடாத தெருவைப் பார்த்த வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பர் வீடு. சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இதே கணக்கு. ஆண்ட்ரூ ஹாக்கின்ஸ் என்ற கறுப்பரும் அவரோடு மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். நகராட்சி என்ன சொன்னது தெரியுமா? போக்குவரத்து எங்கே அதிகமோ அங்கே போட்டோம், நிறம் பார்க்கவில்லை என்றது. நம்ம ஊர் அதிகாரி சொல்வதேதான்! கீழ்க்கோர்ட்டு அதை நம்பியது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நம்பவில்லை. கெட்ட நோக்கத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, இந்தக் கணக்கே போதும் என்று எடுத்துக்கொண்டது. அவர்கள் ஜெயித்தது முழக்கத்தால் அல்ல. தெருத் தெருவாக நடந்து, எந்த வீட்டு முன்னால் தளம் இருக்கிறது, எந்த வீட்டு முன்னால் இல்லை என்று எண்ணி எழுதிய கணக்கால்.

பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்றம் நோக்கத்தையும் காட்டவேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டது; அது வேறு கதை. நாம் எண்ணினோமா என்பதுதான் இங்கே கேள்வி. ஊர்த் தெரு எத்தனை அங்குலம், காலனித் தெரு எத்தனை அங்குலம் என்று எந்த மாவட்டத்திலாவது ஒரு நோட்டு நம்மிடம் இருக்கிறதா?

கான்கிரீட்டையே வேண்டாம் என்று சொல்கிற சுற்றுச்சூழல் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மண் தெரு அழகு என்று எழுதுகிறவர் மண் தெருவில் பிரசவ வலிக்காரியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார். ஆட்டோக்காரன் “உள்ள வராதுக்கா, இங்கயே எறங்கிக்கோங்க” என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். எங்களுக்குத் தெரு வேண்டும். ஆனால் கால்வாய் இல்லாத கான்கிரீட் வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடியில் தெருத் தெருவாகத் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. அந்த மழையை எந்தக் கால்வாயும் தாங்கியிருக்காது என்பது நிஜம். ஆனால் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியாமல் நின்றதற்கு மழை பொறுப்பல்ல. ரோட்டின் மேல் ரோடு போட்டு, வீடு பள்ளமாகிப் போனது ஒரு காரணம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். தார் ரோட்டைச் சுரண்டலாம். கான்கிரீட்டை உடைத்து அள்ளவேண்டும், செலவு. ஆகவே காலனியில் மேலேயே கொட்டுகிறார்கள். மூணு படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. ரோடு ஒசந்தது, நாம தாழ்ந்தோம்.

இன்னொன்றும் உண்டு. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். பாதாளச் சாக்கடை குழாய் பதிக்காமல் கான்கிரீட் போட்ட தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால் யாரைக் கூப்பிடுவார்கள்? 2020 ஜூலையில் இதே மாவட்டத்தில் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய நாலு பேர் செத்தார்கள். 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. சாகிறவருக்கு முப்பது லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தொகையை உயர்த்தியது. தொகை உயர்கிறது, தொட்டிக்குள் இறங்குகிற சாதி மாறவில்லை. புதிய மனைப்பிரிவுக்குத் தெருத் தரம் எழுதுகிற அதிகாரி முதல் வரியாக எழுதவேண்டியது கான்கிரீட்டின் கனத்தை அல்ல. குழாயும் இயந்திரம் மட்டுமே இறங்கும் ஆள்நுழைவுத் தொட்டியும் பதித்த பிறகே தளம், இல்லையேல் ஒப்புதல் இல்லை. அந்த வரி இல்லாத தெரு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் யாரோ ஒருவரின் சாவுக்கு மூடி போட்டது மாதிரிதான்.

பணம் இல்லை என்று இப்போது சொல்லமுடியாது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென அயோத்திதாசப் பண்டிதர் பேரில் ஐந்தாண்டுக்கு ஆயிரம் கோடி என்று 2023இல் அறிவித்தார்கள். துணைத்திட்ட நிதியை வேறு வேலைக்குத் திருப்பாமலிருக்க 2024இல் சட்டமும் வந்திருக்கிறது. இந்தப் பணத்தில் எத்தனை கிலோமீட்டர் ரோடு போட்டோம் என்று அறிக்கை வரும். கிலோமீட்டரை நாம் ஏற்கக்கூடாது. ஆறு அங்குலத்துக்குப் பதில் மூன்று அங்குலம் போட்டால் ஒரு கிலோமீட்டர் காசில் இரண்டு கிலோமீட்டர் காட்டலாம். எந்த அதிகாரிக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

தகவல் உரிமைச் சட்டம் காகிதம் கேட்க மட்டும் என்று தோழர்கள் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை எடுத்து வாசியுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் உரிமை இருக்கிறது. ரோட்டைத் துளைத்து எடுத்த கான்கிரீட் உருளையை மாதிரியாகக் கேளுங்கள். மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், தண்ணீர் லாரி பில், கலவைச் சோதனை அறிக்கை, நாலையும் ஒரே மனுவில் கேளுங்கள். அதே பஞ்சாயத்தில் ஊர்த் தெருவுக்கும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோட்டில் எழுதுங்கள். பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் சிவில் படிக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! வேலை கிடைக்கவில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு ஸ்கேலும் டேப்பும் எடுத்துக்கொண்டு வரட்டும்.

ரோடு போடுகிற அன்றைக்கே போய் நிற்கவேண்டும். கலவை இறுகின பிறகு எதுவும் தெரியாது. கான்டிராக்டர் “என்னலே அளக்க?” என்று கேட்பான். அளந்துகொண்டிருக்கும்போது பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை.