கோணிப்பையில் ஐந்து குட்டிகள்



நாம் மணவூரில் தங்கியிருந்த நாட்களில் நம் இல்லத்தைக் காத்து வந்தது ஒரு செவலைப் பெட்டை நாய். நெற்றியில் வெள்ளைப் புள்ளி. ஆண்டுக்கு இருமுறை குட்டி ஈன்றது. முதல் ஈற்றைக் கேட்டு வாங்கிச் செல்ல ஆள் இருந்தது. அவர்களும் கடுவனையே கேட்டார்கள். அடுத்த ஈற்றில் ஐந்து பெட்டைகள் எஞ்சின. உபதேசியாரை அழைத்து, "இரயில் நிலையத்தருகே விட்டு வாரும்" என்றோம். கோணிப்பையில் கட்டி மிதிவண்டியில் கொண்டு போனார். அன்றிரவு தாய் நாய் வாசலில் கிடந்து ஊளையிட்டது. நாமோ சன்னலை அடைத்துவிட்டு உறங்கினோம்.

ஒன்றரை ஆண்டு சென்றது. பள்ளிக்குப் போக இரயிலுக்குக் காத்திருந்த சிறுவனை ஒரு நாய் கடித்தது. பார்த்தவர்கள் சொன்ன அடையாளம்: செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் புள்ளி. தாய் அவனை மந்திரிக்கச் சொல்லி நம்மிடமே அழைத்து வந்தாள். கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் செய்து, உடனே திருத்தணி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. அதற்குமுன் தடுப்பூசியை நாள் தவறாமல் போட்டுக்கொள்வதே வழி. சிறுவன் நலமாயிருக்கிறான். அந்த நாய் யார் வீட்டு வாரிசு என்பதை அவன் தாயிடம் சொல்ல நமக்குப் பத்து நாட்கள் ஆயின. "விடுங்க சாமி, ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்போம்.

நம் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்விக்க முனைந்தபோது பங்குப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "கருத்தடை பாவமென்று பிரசங்கம் செய்பவர் தாங்கள்; நாய்க்கு மட்டும் ஆகுமா சுவாமி?" இந்த ஐயம் பலருக்கும் உண்டு. ஆறாம் பவுல் பாப்பரசர் 1968-ல் விடுத்த நிருபம் மனிதரின் திருமண வாழ்வைப் பற்றியது. உழவு மாட்டைக் காயடித்ததற்காக எவரும் நம்மிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. கேட்டவர் தொழுவத்திலேயே இரண்டு எருதுகள் நின்றன! 1992-ன் திருச்சபை மறைக்கல்வி நூலோ, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு ஒவ்வாதென்கிறது. நாம் கட்டிய கோணிப்பை அதில்தான் அடங்கும்.

சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது, நாய்கள் ஒழிந்தபாடில்லை. குப்பையில் உணவு கிடக்கும்வரை, கொன்ற நாயின் இடத்துக்கு வேறு நாய் வந்துவிடும். 1959-ல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுவதே வழியென்று 1964 முதல் சொல்லி வந்தது. 1996-ல்தான் மாநகராட்சி அதனை ஏற்றது. 2001-ல் மத்திய அரசு விதிகள் வந்தன; 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன. வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்விப்பது வளர்ப்பவர் பொறுப்பென்று அவை வைத்துள்ளன. தெருநாயைத்தான் ஊர் பழிக்கிறது. அதில் பாதி நம்மைப்போன்றோர் வாசலிலிருந்து போனதோ என்னவோ.

பெட்டைக்குச் சினைப்பையும் கருப்பையும் நீக்கப்படுகின்றன, கடுவனுக்கு விரைகள். மயக்கமருந்து உண்டு. பெரும்பாலும் ஆறு மாத வயதை ஒட்டிச் செய்கிறார்கள். ஒரு முறை ஈன்றால்தான் நாய்க்கு நலம் என்பது ஆதாரமற்ற பேச்சு. முதல் பருவத்திற்கு முன்பே செய்துவிட்டால் முலைக்கட்டி வருவது மிகக் குறையும். கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் நீங்கும். மருத்துவர் சொன்னபடி வெறும் வயிற்றோடு கொண்டு போகவேண்டும். தையலை அது நக்காதபடி பத்து நாள் காக்கவேண்டும், அதுதான் பெரும்பாடு.

நம் செவலைக்கு அந்தப் பத்து நாளும் காவலிருந்தவன் கடிபட்ட சிறுவன்தான். முதல் நாள் எட்ட நின்றான். மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தானே கொண்டுபோய் வைத்தான்.