மிட்டாய் ஊரும் தர்மப்பிரபுவும்

"நல்ல முதலாளி ஒருவர் வந்தால் ஊரே திருந்திவிடும்" என்கிற பேச்சை நம் ரெட்டிபாளையம் பக்கத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் வந்த நாள் முதலாக அரியலூர்ச் சீமையில் இந்தப் பேச்சு வளர்ந்து வருகிறதே ஒழியக் குறைந்தபாடில்லை. முன்னே மழைக்குச் சாமியை நம்பினார்கள். இன்று தண்ணீர்த் தொட்டிக்கு முதலாளியை நம்புகிறார்கள். கும்பிடுகிற கை அதே கைதான். ஆகவே நல்ல முதலாளி ஒருவரால் உண்டான ஓர் ஊரின் சங்கதியையும், அப்படி எவராலும் உண்டாக்கப்படாத நம் நாட்டு ஊர் ஒன்றின் சங்கதியையும் தோழர்கள் முன் வைக்கிறோம். இரண்டும் மிட்டாயினால் பிழைக்கிற ஊர்கள்.

முதலாவது, அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஹெர்ஷி. மில்டன் ஹெர்ஷி என்பவர் தமது பழைய மிட்டாய்த் தொழிலை 1900-ல் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, தாம் பிறந்த கிராமத்திற்கே வந்து 1903-ல் சாக்லெட் ஆலை கட்டத் தொடங்கினார். ஆலையோடு வீடுகள், டிராம் வண்டி, பூங்கா எல்லாம் வந்தன. வீதிகளுக்குச் சாக்லெட் வீதி, கோக்கோ வீதி என்று பெயர். வீதி விளக்குகள் கூட அவர் கம்பெனி மிட்டாயின் உருவத்தில் நிற்கின்றன. பிள்ளையில்லாத அவரும் மனைவியும் 1909-ல் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1918-ல் தமது சொத்தில் பெரும் பகுதியை அப்பள்ளிக்கே எழுதி வைத்தார். இதைவிட நல்ல முதலாளி எங்கே கிடைப்பார்? மனிதர் யோக்கியர் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்தத் தர்மப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வெள்ளைக்கார ஆண் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தது. பசி நிறம் பார்த்தா வருகிறது? ஆயினும் 1960-களின் கடைசி வரையில் கறுப்புப் பிள்ளைக்கு அங்கே சோறும் இல்லை, படிப்பும் இல்லை. பெண் பிள்ளைகள் நுழைந்ததோ அதற்கும் பிறகு. கொடுப்பவன் இஷ்டப்படிதானே தர்மம் நடக்கும்?

1937 ஏப்ரலில் ஆலைத் தொழிலாளிகள் சங்கம் வைத்து, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்களை அடித்து விரட்டியது போலீசல்ல. ஆலைக்குப் பால் ஊற்றி வந்த குடியானவர்களும், வேலை நிறுத்தத்தில் சேராத சக தொழிலாளிகளுமே தடி எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். பால் வீணாகிறதே என்ற கவலை குடியானவனுக்கு இருந்தது வாஸ்தவம். ஆனால் வீடு கொடுத்தவரிடம் கூலியும் கேட்பதா என்கிற கோபமும் அந்தத் தடியில் இருந்தது என்றே சொல்லுவோம். ஏழையை ஏழை அடித்தான். தர்மப்பிரபு தடியைத் தொடவேண்டிய அவசியமே நேரவில்லை.

அவர் 1945-ல் இறந்தார். 2002-ல் அந்தத் தர்மச் சொத்தின் நிர்வாகிகள் கம்பெனியையே விலை கூறினார்கள். ஊர் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், கோர்ட்டு தடை போட்டது, விற்பனை நின்றது. நம் பக்கத்துக் கடலூர் ஜில்லா நெல்லிக்குப்பத்தில் அதுகூட நடக்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சப்பிய பாரி மிட்டாயின் கம்பெனி 2004-ல் கொரியாக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. முதலாளியின் ஊர் என்றால் அப்படித்தான். சொத்து அவருடையது, ஊர் அதற்குள் குடியிருக்கிறது.

நிற்க, கோவில்பட்டிக்கு வருவோம். பெயரில்தான் கோவில். அந்த ஊர்ப் பெயரை உலகறியச் செய்தவை தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்! மழையை நம்பிய கரிசல் காட்டில் விளைந்த நிலக்கடலை. தேனிப் பக்கத்திலிருந்து வருகிற வெல்லம். முதலில் கருப்பட்டிப் பாகில்தான் செய்தார்களென்றும், 1940-களில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பலம் என்பவர் கரும்பு வெல்லத்துக்கு மாற்றி விற்றாரென்றும் அவ்வூரார் சொல்லுகிறார்கள். கடலையை வறுத்து, தோலைப் புடைத்து, உடைத்து வைத்துக்கொள்ளவேண்டும். வெல்லப்பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்கும் பதத்துக்கு வரவேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் மிட்டாய் இளகும், பிந்தினால் கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, ஆறுமுன் வெட்டி, மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவ வேண்டும். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? கைப்பழக்கம் இருக்கிறது. ஒருவரிடம் பார்த்து மற்றொருவர் கற்றார். வேலைக்கு இருந்தவர் தாமும் ஒரு சட்டி வைத்தார். இப்படியே ஒரு பிரபுவும் இல்லாமல் ஊர் முழுதும் பரவிற்று.

அவ்வூர் உற்பத்தியாளர்களும் வியாபாரிகளும் சங்கமாகக் கூடி 2014-ல் புவிசார் குறியீட்டுக்கு மனுப் போட்டு, 2020 ஏப்ரல் 30-ந் தேதி அதைப் பெற்றார்கள். 1999-ம் வருஷச் சட்டப்படி அந்தப் பெயர் இனி எந்த ஒருவருடைய சொத்துமல்ல. அந்தப் பிரதேசத்தில் முறைப்படி செய்து பதிந்துகொள்கிற எவருக்கும் உரியது. இதை யாரும் பிச்சையாகப் போடவில்லை. திருப்பதி லட்டுக்கும் 2009-ல் இதே குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குச் சொந்தக்காரர் தேவஸ்தானம் ஒன்றே. லட்டுப் பிடிக்க இன்ன ஜாதியார்தான் என்ற வழக்கம் வேறு. கடலை மிட்டாயோ எந்த ஜாதிக் கை பட்டாலும் இனிக்கிறது. தின்றவர் எவரும் தீட்டுப் பட்டு மாண்டதாகக் கேள்வியில்லை.

இதோடு கோவில்பட்டியை மெச்சி நிறுத்திவிட நாம் தயாராயில்லை. சட்டம் 'உற்பத்தி செய்பவர்' என்கிறது. அடுப்படி அனலில் நிற்கிறவர் யார்? புடைக்கிறவர், வெட்டுகிறவர், காகிதம் சுற்றுகிறவர் யார்? கூலியாட்கள், அதில் பெண்கள் ஏராளம். பெயரைத் திருடி விற்றவனுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயிலும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டென்று அச்சட்டம் சொல்லுகிறது. கூலியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஊரின் பெயருக்குக் காவல் போட்டவர்கள், அந்தப் பெயரைச் சம்பாதித்த கைக்கும் மேற்படி சங்கத்தில் இடம் கொடுக்க வேண்டாமா? இல்லையானால் பெரிய பிரபு ஒருவருக்குப் பதில் சின்னப் பிரபுக்கள் பலர் என்பதுதானே மிச்சம்?

நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். கடலை வருஷா வருஷம் விளையும். சுண்ணாம்புக்கல் வெட்டினால் பள்ளந்தான் மிஞ்சும். ஆகையால் நமக்கு அவசரம் அதிகம். சுரங்கச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தப்படி, கல் வெட்டுகிறவர் சர்க்காருக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல், பழைய குத்தகையானால் அதில் நூற்றுக்கு 30-ம், புதிதாக ஏலத்தில் எடுத்ததானால் 10-ம், மாவட்டக் கனிம அறக்கட்டளையில் கட்டியாக வேண்டும். பெயரில் 'அறம்' இருப்பதைக் கண்டு யாரும் கைகூப்ப வேண்டாம். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய பணம். தொட்டி திறக்க வருகிறவருக்கு மாலை வாங்க வசூல் செய்கிற தோழர்கள், மே 1-ந் தேதி கிராம சபையில் எழுந்து, இதுவரை நம் ஊர்க் கணக்கில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, வெட்டிய பள்ளத்தை யார் எப்போது மூடுவது என்று எழுத்து மூலம் கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லட்டும். மாலைக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.