மேடையை விட்டு எப்போது இறங்குவது?

போன வாரம் பேரன் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினான். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பெரியவர் கிடார் வாசிக்கிறார். கனத்த உடம்பு, பளபளவென்று ஒரு கோட்டு. நாலு சுரம் வாசிக்கிறார், நிறுத்துகிறார், ஏதோ பேசிச் சிரிக்கிறார், மறுபடி நாலு சுரம்.

"தாத்தா, நீங்க அடிக்கடி சொல்ற பி.பி. கிங் இவர்தானே? பாவமா இருக்கு. யாராவது இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 58 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். எனக்கு அரசாங்கம் தேதி குறித்துவிட்டது. பாடுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் யார் தேதி குறிப்பது? இரண்டு நாள் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரைலி கிங் 1925 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். நிலம் வெள்ளைக்கார முதலாளியுடையது, உழைப்பு கருப்பினக் குடும்பங்களுடையது. விளைச்சலில் வாரம் பிரித்துக்கொள்வார்கள். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். ரைலிக்கு நாலைந்து வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பத்து வயது நிரம்புவதற்குள் அம்மாவும் போய்விட்டாள். பையன் பால் கறந்தான், பருத்தி எடுத்தான், வளர்ந்ததும் டிராக்டர் ஓட்டினான்.

அந்தப் பருத்திக் காட்டு மக்களின் பாட்டுதான் ப்ளூஸ். பெரும்பாலும் ஓர் அடியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள். கேட்க எளிமையாக இருக்கும். அந்த எளிமைக்குள் ஓர் ஆள் தன் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடலாம்.

ரைலிக்குக் கிடார் மேல் ஆசை வந்தது தேவாலயத்தில். அங்கே பாதிரியாரே கிடார் வாசித்துப் பிரசங்கம் செய்வார். இன்னொரு பக்கம், பாட்டி முறை உறவினர் ஒருத்தியின் வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்தது. அதில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லானி ஜான்சன் இருவரின் தட்டுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டான். பின்னால் டி-போன் வாக்கரின் மின்கிடார் அவரைப் பிடித்து ஆட்டியது. ஐரோப்பாவிலிருந்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் வாசிப்பையும் விடவில்லை.

இந்தியனோலா என்ற சிற்றூரில் சனிக்கிழமைகளில் தெருமுனையில் உட்கார்ந்து வாசிப்பாராம். பக்திப் பாட்டுக் கேட்டவர்கள் தலையைத் தடவி, "நல்லா வருவே தம்பி" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போடுவார்கள். வாரம் முழுக்க வயலில் உழைத்துக் கிடைத்ததைவிடச் சனிக்கிழமை வரும்படி அதிகம். தான் ப்ளூஸ்காரன் ஆனதற்கு அவரே சிரித்துக்கொண்டு சொன்ன காரணம் இது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கலைஞன் என்றாலே ஏதோ தெய்வ ஆணை வந்தது மாதிரி எழுதுகிறோம். இவர் கூலிக் கணக்குப் பார்த்துத்தான் தொடங்கினார்.

1946-இல் ஒரு நாள் வேலை முடிந்து டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினார். அது தானாக நகர்ந்து கொட்டகையில் மோதிப் புகைக்குழாய் ஒடிந்துவிட்டது. முதலாளிக்குப் பயந்து கிடாரைத் தூக்கிக்கொண்டு மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஓடிவிட்டார். அங்கே உறவினர் புக்கா வைட் இருந்தார், அவரும் பெரிய ப்ளூஸ் வித்வான். சில மாதம் அவருடன் இருந்துவிட்டு, இவர் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் திரும்பிவந்து, மறுபடி டிராக்டர் ஓட்டிக் கடனைத் தீர்த்தார். அதற்கப்புறம்தான் மெம்ஃபிஸுக்கு நிரந்தரமாகப் போனார்.

புக்கா வைட் விரலில் உலோகக் குழாய் மாட்டித் தந்தி மேல் வழுக்கி வாசிப்பவர். ரைலிக்கு அது கைவரவில்லை. அந்த ஓசையை வெறும் விரலால் கொண்டுவரப் பார்த்தார். தந்தியை ஒரு பக்கம் இழுத்து, கையை நடுங்கவிட்டு வாசிக்கப் பழகினார். நம் வீணைக்காரர்கள் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். உலகம் முழுவதும் கிடார்க்காரர்கள் பின்பற்றிய அந்த நடுக்கம், ஒரு வித்தை வராமல் போனதால் வந்தது. இன்னொன்றும் அவருக்கு வராது. பாடிக்கொண்டே வாசிக்கத் தெரியாது. அவர் பாடும்போது கிடார் சும்மா இருக்கும், பாட்டு நின்றதும் கிடார் பதில் சொல்லும். அதுவே அவர் பாணியாகிவிட்டது.

மெம்ஃபிஸில் கருப்பின மக்களுக்கென்றே ஒலிபரப்பிய வானொலி நிலையத்தில் ஒரு டானிக் மருந்துக்கு விளம்பரப் பாட்டுப் பாடினார். பிறகு அறிவிப்பாளர் ஆனார். 'பீல் தெரு ப்ளூஸ் பையன்' என்று அங்கே வைத்த பெயர் சுருங்கி 'பி.பி.' ஆயிற்று. 1952-இல் அவருடைய ஒரு தட்டு கருப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அன்றிலிருந்து ஊர் ஊராகப் பயணம்தான்.

1956-ஆம் வருடம் மட்டும் அவர் வாசித்தது 342 கச்சேரி. அது லீப் வருடம். ஆக அவர் மேடை ஏறாத இரவுகள் 24. நானும் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன், விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்ததாகப் பெருமையும் பட்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது. அதுவும் எந்தக் காலம்? தென் மாநிலங்களில் வெள்ளையர் விடுதியில் கருப்பருக்கு அறை கிடையாது, சாப்பாட்டுக் கடையில் உள்ளே உட்கார இடம் கிடையாது. பல இரவுகள் பேருந்திலேயே தூக்கம். அந்தப் பேருந்தும் ஒரு தடவை, காப்பீடு ரத்தாகியிருந்த நேரம் பார்த்து, விபத்தில் சிக்கிப் பெருங்கடனில் தள்ளியது. அதையும் கச்சேரி செய்தே அடைத்தார்.

இந்த உழைப்புக்கு அவர் வீடு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டார், இரண்டும் முறிந்தன. வருடத்தில் முந்நூறு நாள் வீட்டில் இல்லாதவனோடு எந்தப் பெண் குடித்தனம் நடத்துவாள்? மேடைதான் என் உயிர் என்று ஒருவன் சொல்லும்போது, அவன் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இதில் அவரை நான் வீரனாக்க மாட்டேன்.

அவரது கிடாரின் பெயர் லூசில். 1949 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற ஊரில் ஒரு நடனக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காகப் பீப்பாயில் மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் சண்டையில் அதைத் தட்டிவிட, கொட்டகை பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்தவர், கிடார் உள்ளே இருப்பது நினைவு வந்து மறுபடி தீக்குள் ஓடி எடுத்துவந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியதென்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாதென்று தனக்கே நினைவுபடுத்திக்கொள்ள அந்தப் பெயரைக் கிடாருக்கு வைத்தார். பிறகு எத்தனை கிடார் மாற்றினாலும் பெயர் அதுதான்.

கைதட்டல் அவருக்கு எப்போதும் கிடைத்ததா என்றால் இல்லை. 1960-களில் கருப்பின இளைஞர்களே அவரைக் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். ப்ளூஸ் என்றால் அவர்களுக்குப் பருத்திக் காடும் அடிமைத்தனமும் நினைவுக்கு வந்தன. சில வருடம் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் அரங்குக்குப் போனார். எதிரே முழுக்க வெள்ளைக்கார இளைஞர் கூட்டம், நீள முடியோடு. தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கியவர் மேடையில் கால் வைத்ததும், ஒரு சுரம்கூட வாசிக்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அழுதுவிட்டார். 1970-இல் சிகாகோவில் குக் கவுண்டி சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ சிறைகளில் வாசித்தார்.

இப்போது என் பேரன் காட்டிய காணொளிக்கு வருகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய். கடைசிப் பல வருடங்கள் உட்கார்ந்துதான் வாசித்தார். 2006-இல் விடைபெறும் பயணம் என்று அறிவித்தார், ஆனால் விடைபெறவில்லை. 2014 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரக் கச்சேரி மோசமாகப் போயிற்று. வாசித்தது கொஞ்சம், பேசியது அதிகம். கூட்டத்தில் சிலர் கத்தினார்கள், பலர் எழுந்து போனார்கள். நீண்ட பேருந்துப் பயணமும் தவறிப்போன ஒரு வேளை மருந்துமே காரணம் என்று அவர் தரப்பில் வருத்தம் தெரிவித்தார்கள். அக்டோபர் 3 அன்று சிகாகோ மேடையில் உடம்பு முடியாமல் போனது. மீதியிருந்த எட்டுக் கச்சேரிகள் ரத்து. 2015 மே 14 அன்று, 89 வயதில், லாஸ் வேகாஸில் தூக்கத்தில் காலமானார்.

முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அப்போதும் பலர் எழுதினார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. டிக்கெட் சும்மா வருவதில்லை. காசு கொடுத்தவன் ஏமாந்தால் வருத்தப்படுவான். ஆனால் வருத்தப்படுவது வேறு, கத்துவது வேறு.

நான் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் உற்சவக் குழுவில் நானும் இருந்தேன். பரம்பரையாக வாசித்துவந்த நாயன வித்வானுக்கு மூச்சு நிற்கவில்லை, சுரம் பிசகுகிறது, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. நானும் கை தூக்கினேன். அவரிடம் யாரும் நேரில் போய்ப் பேசவில்லை. வேட்டி துண்டும் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்பிவிட்டோம், மரியாதையாக நடந்துகொண்டதாக நினைத்தோம். உற்சவத்தன்று அவர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, புது ஆளின் வாசிப்புக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விடவில்லை.

நாம் செய்த தப்பு அவரை நிறுத்தியது மட்டுமில்லை. கேட்காமல் நிறுத்தினோம். நாலு நாளும் வாசிக்க முடியாதென்றால் ஒரு நாள் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஓர் இளைஞரை உட்கார்த்தி, அவர் ஆலாபனையைத் தொடங்க, மற்றவர் தொடரட்டும் என்றிருக்கலாம். பி.பி. கிங் விஷயத்திலும் எனக்கு இதே எண்ணம்தான். அந்த வயதில் அத்தனை தூரம் பேருந்தில் அலைய விட்டதைக் குறை சொல்லலாம். கச்சேரியைக் குறைத்திருக்கலாம், பயணத்தைச் சுருக்கியிருக்கலாம். கூட இருந்தவர்கள் உண்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாசிப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதினைந்து இருபது வயதிலிருந்து தெருமுனையில் கூலிக்கு வாசிக்கத் தொடங்கிய ஆளுக்கு வேலை என்றால் அதுதான், உறவு என்றாலும் அதுதான். எனக்கு ஓய்வூதியமும் செய்தித்தாளும் போதும், எல்லோருக்கும் போதுமென்று நான் சொல்ல முடியாது.

இதை எல்லாம் பேரனிடம் சொல்லிவிட்டு, 1964 நவம்பர் 21 அன்று சிகாகோ ரீகல் அரங்கில் அவர் வாசித்த கச்சேரியின் பதிவைப் போட்டுக் காட்டினேன். கிடார் ஒரு தந்தியை இழுக்கிறது, கூட்டம் அலறுகிறது. பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும், "அந்த இன்னொரு வீடியோவை மறுபடி பார்க்கணும் தாத்தா" என்றான். இந்தத் தடவை சிரிக்காமல், பாவம் என்று சொல்லாமல் பார்த்தான். "இப்பவும் அந்தக் கை அப்படியே நடுங்குது பாருங்க" என்றான்.

உங்கள் ஊரிலும் திண்ணையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாயனமோ, தவிலோ, கூத்தோ, ஏதோ ஒன்று. இந்த வருடம் ஒரு அரை மணி நேரம் அவருக்குக் கொடுங்கள். முடியாதென்று சொல்வதாக இருந்தால் அவரே சொல்லட்டும்.